அன்னாள் எத்தனை காளை கொண்டுபோனாள்?

சவக்கடல் ஓரக் குகைகளில் கிடைத்த பழைய எபிரெயச் சுவடிகளான சவக்கடல் சுருள்கள் என்றதும் பிரசங்கங்களிலும் வேதபாட வகுப்புகளிலும் ஒரு வரி தவறாமல் வந்துவிடும்: "ஆயிரம் வருஷ இடைவெளி, ஆனாலும் ஓர் எழுத்துகூட மாறவில்லை." சொல்பவர்கள் பொய் சொல்வதாக நினைக்கவில்லை. 1948-இல் செய்தித்தாள் படித்த எவரும் ஏறக்குறைய அப்படித்தான் புரிந்துகொண்டிருப்பார்கள். உறுத்துவது வேறு. அந்த வரி 1953 டிசம்பரிலேயே செல்லாக்காசாகிவிட்டது. அதைச் செல்லாததாக்கியவர்கள் சபையின் எதிரிகளும் இல்லை; பிரஸ்பிட்டேரியன் இறையியல் கல்லூரி ஆசிரியர் ஒருவரும், அவரோடு ஒரே அறையில் குனிந்து உட்கார்ந்திருந்த சில கத்தோலிக்கக் குருமாரும்தான். எழுபது வருஷத்துக்கு மேலாகியும் அந்த இரண்டாம் செய்தி, அதாவது சில நூல்கள் வேறு வடிவிலும் புழங்கின என்பது, நம் பக்கம் வந்து சேரவே இல்லை.

முதல் செய்தி எங்கிருந்து வந்தது என்பதைப் பார்த்தாலே பாதிக் குழப்பம் தீரும். முதலாம் குகையில் கிடைத்தவற்றில் முழுமையாகத் தப்பியிருந்த ஒரே வேதாகம நூல் பெரிய ஏசாயா சுருள். பதினேழு தோல்களை ஒன்றோடொன்று தைத்து, 54 நெடும்பத்திகளில் எழுதியது. நீளம் ஏழு மீட்டருக்கு மேல். காலம் ஏறத்தாழ கி.மு. 125. 1948 பிப்ரவரியில் எருசலேமில் இருந்த அமெரிக்கக் கீழைநாட்டு ஆய்வுப் பள்ளியில் ஜான் டிரெவர் அதைப் படமெடுத்தார். 1950-இல் மில்லர் பரோஸ் அந்தப் படங்களை நூலாக வெளியிட்டார். அதுவரை அறிஞர்கள் கையில் இருந்த முழு எபிரெய வேதாகமப் பிரதிகளில் பழையது, 1008-ஐ ஒட்டி எழுதப்பட்ட லெனின்கிராட் சுவடி. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது வேறுபாடுகள் ஆயிரக்கணக்கில் இருந்தாலும், மிகப் பெரும்பாலானவை எழுத்துக்கூட்டல் வேறுபாடுகள். ஆயிரத்து நூறு ஆண்டுகளில் இவ்வளவுதானா மாற்றம் என்று பரோஸே வியந்தார். வியப்பு நியாயமானது. அதிலிருந்து "வேதாகமம் மாறவில்லை" என்று தாவியதுதான் அவசரம்.

ஏசாயாவை மட்டும் வைத்து முழுப் பழைய ஏற்பாட்டையும் அளக்க முடியாது. அந்தப் புத்தகத்தில் பிரதிக்குப் பிரதி வாசகம் மாறும் பெரிய பாடபேதம் இருக்கும் என்று அதற்கு முன்பும் யாரும் எதிர்பார்க்கவில்லை. கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் அதைக் கிரேக்கத்தில் பெயர்த்தவர் கையில் இருந்ததும் பெருமளவு இதே எபிரெயப் பாடம்தான். கிரேக்கத்தில் தெரியும் வித்தியாசங்களில் பல அவருடைய தாராளமான மொழிநடையால் வந்தவை. அதாவது ஏசாயா ஒரே பதிப்பாகப் புழங்கிய நூல். குகையில் முதலில் முழுதாகக் கையில் சிக்கியது ஏசாயாவாக இல்லாமல் சாமுவேலாகவோ எரேமியாவாகவோ இருந்திருந்தால், 1948-இன் தலைப்புச் செய்தி நேர் எதிராக இருந்திருக்கும். எந்த ஜாடியில் எது கெடாமல் இருந்தது என்ற தற்செயலுக்குத்தான் நாம் இத்தனை காலம் பிரசங்கம் செய்துகொண்டிருக்கிறோம்.

அந்த ஏசாயாவிலும்கூட ஓர் இடத்தை நிதானமாகப் பார்க்க வேண்டும். நாற்பதாம் அதிகாரம், 7, 8 வசனங்கள்: "புல் உலர்ந்து பூ உதிரும்" என்பது நம் வேதாகமத்தில் இரண்டு முறை வருகிறது. சுருளை எழுதியவர் ஒரே முறைதான் எழுதினார். அதிலிருந்து நேரே "நமது தேவனுடைய வசனமோ" என்று போய்விட்டார். பிற்பாடு வேறொரு கை, விடுபட்டதை வரிகளுக்கு நடுவே சின்ன எழுத்தில் நுழைத்து, இடம் போதாமல் இடது ஓரத்தில் செங்குத்தாக இறக்கியிருக்கிறது. கண் ஒரு "பூ உதிரும்"-இலிருந்து அடுத்த "பூ உதிரும்"-க்குத் தாவிவிட்டது, எழுதுபவருக்கு நேரும் சாதாரணப் பிழை என்று முடித்துவிடலாம். ஆனால் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பிலும் அதே பகுதி இல்லை. இரண்டு பேருக்கும் ஒரே இடத்தில் கண் தவறியதா, அல்லது ஆரம்பத்தில் குறுகிய பாடம் இருந்து, நீண்டது பிறகு வந்ததா? இரு பக்கமும் வாதாட ஆள் உண்டு. "என்றென்றைக்கும் நிற்கும்" என்ற வசனத்திலேயே இந்த வழக்கு நடப்பதைப் பரிகாசமாக எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. கையால் எழுதப்பட்ட நூல்கள் எல்லாவற்றுக்கும் இதுதான் கதி. சங்க நூல் பதிப்புகளின் அடிக்குறிப்பில் பாடபேதம் பார்த்துப் பழகியவர்களுக்கு இது அதிர்ச்சி தராது.

நான்காம் குகையின் மேசைகள்

1952 செப்டம்பரில் தாமிரே பழங்குடியினர் சவக்கடல் கரையை ஒட்டிய கும்ரான் இடிபாடுகளுக்கு எதிரிலேயே நான்காம் குகையைக் கண்டுபிடித்தார்கள். தொல்லியல் ஆட்கள் ஏற்கெனவே கூப்பிடு தூரத்தில் தோண்டிப் பார்த்திருந்த இடம் அது. அங்கே முழுச் சுருள் ஒன்றும் இல்லை. ஐநூறுக்கும் மேற்பட்ட சுவடிகளின் பல்லாயிரம் துண்டுகள், பல நகக்கண் அளவே. குகையில் மிஞ்சியதை பிரெஞ்சுத் துறவியும் தொல்லியலாளருமான ரோலண்ட் டி வோவும் ஜோர்டான் தொல்லியல் துறைத் தலைவர் லாங்கஸ்டர் ஹார்டிங்கும் தோண்டி எடுத்தார்கள். மற்றவை பெத்லகேம் வியாபாரி காண்டோ வழியாக விலைக்கு வந்தன. விலை சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் ஒரு ஜோர்டான் தினார். பரப்பளவுக்குக் காசு என்றால் ஒரு துண்டை நாலாகக் கிழித்து விற்பதில் லாபம் இல்லை என்பது இதில் இருந்த சாமர்த்தியம். அரசின் பணம் தீர்ந்தபோது மெக்கில், மான்செஸ்டர், ஹைடல்பர்க் பல்கலைக்கழகங்களும் வாத்திகன் நூலகமும் மக்கார்மிக் இறையியல் கல்லூரியும் பணம் போட்டன.

துண்டுகளை அடுக்க 1953-இலிருந்து எருசலேமின் பாலஸ்தீன அருங்காட்சியகத்தில் ஒரு குழு சேர்ந்தது. போலந்துக் குரு யோசெப் மிலிக், அமெரிக்கக் கத்தோலிக்கர் பேட்ரிக் ஸ்கீஹன், பிரெஞ்சுக் குரு ஜான் ஸ்டார்க்கி, முதலில் சொன்ன பிரஸ்பிட்டேரியன் ஆசிரியரான மக்கார்மிக்கின் ஃபிராங்க் மூர் கிராஸ், மான்செஸ்டரின் ஜான் அலெக்ரோ, பிறகு ஜான் ஸ்ட்ரக்னல், ஜெர்மானிய லுத்தரன் கிளாவுஸ் ஹுன்னோ ஹுன்சிங்கர். எருசலேமின் அந்தப் பாதி ஜோர்டான் வசம் இருந்ததால் யூத அறிஞர் ஒருவர்கூட இல்லை. எபிரெயச் சுவடிகளைப் பிரிக்கும் அறையில் யூதர் இல்லை என்பதைப் பிற்காலத்தவர் மன்னிக்கவில்லை. மன்னிக்க வேண்டியதும் இல்லை. கத்தோலிக்கரும் புராட்டஸ்டண்டுகளும் ஒரே மேசையில் உட்கார்ந்தது மட்டும் அந்தக் காலத்துக்குப் பெரிய விஷயம். 1943 செப்டம்பர் 30 அன்று பன்னிரண்டாம் பியுஸ் வெளியிட்ட சுற்றுமடல், கத்தோலிக்க அறிஞர்கள் வுல்காத்தா என்ற லத்தீன் மொழிபெயர்ப்போடு நின்றுவிடாமல் மூலமொழிகளுக்கும் பாட ஆராய்ச்சிக்கும் போகலாம், போகவும் வேண்டும் என்று கதவைத் திறந்திருந்தது. அதற்கு முந்தைய நாற்பது ஆண்டுகளின் கெடுபிடியில் ஸ்கீஹன் போன்றவர்கள் இவ்வளவு இயல்பாக இந்த வேலைக்கு வந்திருக்க முடியாது.

வேலை இப்படி நடந்தது. துண்டுகள் சிகரெட் டப்பாவிலும் தீப்பெட்டியிலும் வந்து இறங்கும். காய்ந்து சுருண்ட தோலைத் தொட்டால் பொடியாகிவிடும் என்பதால் முதலில் ஈரப்பதமுள்ள பெட்டியில் வைத்து இளகவிடுவார்கள். அதிகம் இளகினால் தோல் பசைபோலக் குழையும். குறைந்தால் விரிக்கும்போது வெடிக்கும். பிறகு மென்மயிர்த் தூரிகையால் களிமண்ணையும் உப்புப் படிவையும் நீக்கி, கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே தட்டையாக்குவார்கள். கறுத்துப்போன துண்டில் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. அங்கேதான் அருங்காட்சியகப் படப்பிடிப்பாளர் நஜீப் அல்பினாவின் அகச்சிவப்புப் படங்கள் கைகொடுத்தன: கரிமை அகச்சிவப்புக் கதிரை உறிஞ்சும், கறுத்த தோல் திருப்பி அனுப்பும், ஆகவே எழுத்து மட்டும் கறுப்பாக எழுந்து நிற்கும். பிறகு பிரிக்கும் வேலை. ஒவ்வொருவர் கையெழுத்துக்கும் ஒரு சாயல் உண்டு. அதோடு தோலின் தடிமன், நிறம், கூர்முனையால் கீறிய கோடுகளின் இடைவெளி, ஓர வெற்றிடம், தையல் துளை என்று பார்த்துப் பார்த்து ஒரே சுவடியின் துண்டுகளை ஒரே தகட்டுக்குக் கொண்டுவருவார்கள். வேதாகமத் துண்டு என்றால் மூன்று சொல் தெரிந்தால் போதும், எபிரெயச் சொல்லடைவைப் புரட்டி இடத்தைப் பிடித்துவிடலாம்.

தவறாகப் போனதும் இங்கேயேதான். சேர்ந்த துண்டுகளை அவர்கள் செல்லோ டேப்பால் ஒட்டினார்கள். அன்றைக்கு அது கைக்கு எளிதான நவீனப் பொருள். ஒட்டுப்பசை காலப்போக்கில் தோலுக்குள் இறங்கி, தொட்ட இடமெல்லாம் எண்ணெய்க்கறைபோல் கறுத்தது. கண்ணாடியின் பாரமும் சேர்ந்து ஓரங்களைச் சிதைத்தது. இஸ்ரேல் தொல்பொருள் ஆணையத்தின் பாதுகாப்புக்கூடம் 1991-இலிருந்து அந்த டேப்பைத்தான் உரித்துக்கொண்டிருக்கிறது. சில இடங்களில் இன்று துண்டில் இல்லாத எழுத்து அல்பினாவின் படத்தில் இருக்கிறது. ஐம்பதுகளின் குழுவைத் திட்டுவதற்கு முன், அதே ஐம்பதுகளின் படங்கள் இல்லாவிட்டால் திட்டுபவர்களுக்கு ஆதாரமே இருந்திருக்காது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

1 சாமுவேல் 1:24

கிராஸுக்கு முதலில் கிடைத்த வேலை, குகையில் தோண்டி எடுத்த துண்டுகளைச் சுத்தம் செய்து அடையாளம் காண்பது. அவற்றுள் ஒரு சாமுவேல் சுருள் இருந்தது; காலம் கி.மு. முதல் நூற்றாண்டு. பழங்காலத்திலேயே அது நைந்துபோய், யாரோ அதன் முதுகில் பாப்பிரஸ் தாளை ஒட்டிப் பலப்படுத்தியிருக்கிறார்கள். அந்த ஒட்டுத்தாள்தான் முதல் இரண்டு அதிகாரங்களின் இரண்டு நெடும்பத்திகளைக் காப்பாற்றியது. படிக்கப் படிக்க, நம் எபிரெய வேதாகமத்துக்கு அடிப்படையான, யூத அறிஞர்கள் காத்துக் கையளித்த மசோரா பாடத்தோடு அது ஒத்துப்போகவில்லை. பழைய கிரேக்க மொழிபெயர்ப்போடு ஒத்துப்போனது.

அன்னாள் பால் மறந்த சாமுவேலை சீலோவுக்குக் கொண்டுபோகும் இடத்தை எடுத்துக்கொள்வோம். மசோரா பாடத்தில் மூன்று காளைகள். நம் தமிழ் வேதாகமத்திலும் அப்படியே. அடுத்த வசனத்திலோ பலியாவது ஒரே காளை. மற்ற இரண்டும் எங்கே போயின என்று விளக்கவுரைகள் சிரமப்பட்டு எழுதும். கிரேக்க மொழிபெயர்ப்பில் இந்தச் சிக்கலே இல்லை: அன்னாள் கொண்டுபோனது மூன்று வயதுக் காளை ஒன்றும் அப்பமும். கிராஸின் சுருளில் எபிரெயத்திலேயே அதே வாசகம்: மந்தையிலிருந்து மூன்று வயதுக் காளை ஒன்று, கூடவே அப்பம். பிழை நேர்ந்த விதம் எழுத்தெழுத்தாகத் தெரிகிறது. எபிரெயத்தில் 'பர்' என்றால் காளை, 'மெஷுல்லஷ்' என்றால் மூன்று வயதானது. உயிர்க்குறி இல்லாமல், நெருக்கி எழுதிய பிரதியில் இது ப், ர், ம், ஷ், ல், ஷ் என்று ஆறு மெய்கள். நடுவில் நிற்கும் 'ம்' இரண்டாம் சொல்லின் தொடக்கம். அதை முதல் சொல்லின் கடைசியாகப் பிரித்தால் 'பரீம்', அதாவது காளைகள், மிஞ்சுவது 'மூன்று'. ஆதியாகமம் 15:9-இல் ஆபிரகாம் கொண்டுவரும் மூன்று வயதுக் கிடாரிக்கும் இதே சொல்லின் பெண்பால் வடிவம்தான். ஆக, பலிக்கு வயது சொல்வது புதிய வழக்கமும் இல்லை.

இதை 19-ஆம் நூற்றாண்டு அறிஞர்கள் ஊகித்திருந்தார்கள். வெல்ஹவுசன் 1871-இலும் எஸ். ஆர். டிரைவர் 1890-இலும் சாமுவேலின் எபிரெயப் பாடம் பழுதுபட்டது, கிரேக்கத்தை வைத்துச் சரிசெய்ய வேண்டும் என்று எழுதினார்கள். ஆனால் 1930-களில் காற்று எதிர்ப்பக்கம் வீசியது. கிரேக்கம் வேறுபட்டால் பெயர்த்தவர் மனம்போனபடி பெயர்த்தார் என்று பொருள், எபிரெயத்தை விட்டு நகராதே என்றது புதிய தலைமுறை. டச்சு அறிஞர் டி போயர் 1938-இல் சாமுவேலுக்கே இந்த வாதத்தை வைத்தார். இந்த எச்சரிக்கையில் நியாயம் இருந்தது, ஏனென்றால் கிரேக்கத்திலிருந்து எபிரெயத்துக்குத் திருப்பிப் பெயர்ப்பது எவருக்கும் வசதியானதைக் கண்டுபிடிக்க இடம் தரும் விளையாட்டு. கிராஸ் 1953 டிசம்பரில் வெளியிட்ட கட்டுரை இந்தச் சண்டையின் அடித்தளத்தையே மாற்றியது. சாமுவேலைக் கிரேக்கத்தில் பெயர்த்தவர் இட்டுக்கட்டவில்லை. அவர் கையில் வேறு எபிரெயப் பிரதி இருந்தது. அந்த வகைப் பிரதி இதோ, தோலில், மேசைமேல்.

அதே சுருளில் பிறகு படிக்கப்பட்ட இரண்டு இடங்கள் இன்னும் பிரபலம். கோலியாத்தின் உயரம் நம்மிடம் ஆறு முழமும் ஒரு ஜாணும். ஏறக்குறைய மூன்று மீட்டர். சுருளிலும் பழைய கிரேக்கத்திலும் முதல் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் யோசேப்பஸிடமும் நான்கு முழமும் ஒரு ஜாணும்; இரண்டு மீட்டர். கதை சொல்லச் சொல்ல எதிரி வளர்வான், குறைய மாட்டான் என்பதால் நான்கே பழையது என்று பலர் நினைக்கிறார்கள். மற்றது பதினோராம் அதிகாரத்தின் தொடக்கம். நம் வேதாகமத்தில் அம்மோனியனாகிய நாகாஸ் திடீரென்று யாபேஸ் கீலேயாத்தில் வந்து நின்று, எல்லாருடைய வலது கண்ணையும் பிடுங்குவேன் என்கிறான். சுருளில் அதற்கு முன் ஒரு பத்தி இருக்கிறது: அவன் காத், ரூபன் கோத்திரத்தாரை ஒடுக்கி வலது கண்களைப் பிடுங்கினான், ஏழாயிரம் பேர் தப்பி யாபேஸுக்குள் புகுந்தார்கள். யோசேப்பஸுக்கும் இது தெரியும். 1989-இன் புதிய திருத்த ஆங்கில மொழிபெயர்ப்பு இதை மூலத்திலேயே சேர்த்துவிட்டது. எபிரெயப் பல்கலைக்கழகத்தின் அலெக்சாண்டர் ரோஃபே ஒப்பவில்லை; திடீர்த் தொடக்கத்தை விளக்குவதற்காகப் பின்னால் எவரோ எழுதிச் சேர்த்தது என்பது அவர் கட்சி. காளை விஷயத்தில் சந்தேகத்துக்கு இடமில்லை, கோலியாத்தில் சுருள் பக்கம் சாய்கிறேன், நாகாஸில் ரோஃபே சொல்வதைத் தள்ள எனக்குத் துணிவில்லை. ஒரு பிரதி பழையது என்பதால் அதிலுள்ள ஒவ்வொரு வரியும் மூலம் ஆகிவிடாது.

ஒரே குகை, இரண்டு எரேமியா

எரேமியாவின் கிரேக்கப் பாடம் எபிரெயத்தைவிட ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு சிறியது. நம்மிடம் 46 முதல் 51 வரை உள்ள புறஜாதியாருக்கு எதிரான தீர்க்கதரிசனங்கள் அதில் 25-ஆம் அதிகாரத்தின் நடுவிலேயே வந்துவிடும். நான்காம் குகையில் நீண்ட எரேமியாவும் கிடைத்தது, குறுகிய எரேமியாவும் எபிரெயத்திலேயே கிடைத்தது. குறுகியதில் தப்பியது பத்தாம் அதிகாரத்தின் சில வரிமுனைகள்தான். அப்படியிருக்க, 6 முதல் 8 வரையிலான வசனங்களும் 10-ஆம் வசனமும் அதில் இல்லை என்று எப்படிச் சொல்கிறார்கள்? "உமக்கு ஒப்பானவன் இல்லை" என்று நம் ஜெபங்களில் ஓயாமல் வரும் சொற்கள் அந்த 6-ஆம் வசனத்தில்தான் இருக்கின்றன. ஆகவே கேட்கத்தான் வேண்டும்.

பதில், இடத்தை அளப்பதில் இருக்கிறது. அடுத்தடுத்த வரிகளின் முனைகள் ஒரே துண்டில் இருந்தால், ஒரு முனைக்கும் அடுத்த முனைக்கும் நடுவே எத்தனை எழுத்து பிடிக்கும் என்பது எல்லா வரியிலும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். நீண்ட பாடத்தை நிரப்பினால் ஒரு வரி மட்டும் மற்றவற்றைவிடப் பலமடங்கு நீண்டுவிடுகிறது. கிரேக்கத்தில் உள்ள வரிசைப்படி, 9-ஆம் வசனத்தை 5-க்குள் கொண்டுவந்து நிரப்பினால் வரிகள் சமமாகின்றன. வெறும் எண்ணிக்கை போதாது. எபிரெயத்தில் யோத் மெலிந்த எழுத்து, ஷின் அகலமானது. அதனால் அதே சுவடியின் எழுத்துகளைப் படியெடுத்து வைத்து அளக்க வேண்டும். தோல் சுருங்கியிருந்தால் அளவு ஏமாற்றும். பத்தி பிரிக்க விட்ட வெற்றிடத்தைப் பாடபேதமாக எண்ணிவிடலாம். சில எழுத்து வித்தியாசத்துக்கு இந்த முறையை நம்பக் கூடாது. மூன்று வசன வித்தியாசத்துக்கு நம்பலாம்.

ஒரே சமூகம் இரண்டு வடிவத்தையும் ஒரே குகையில் வைத்திருந்தது என்பதுதான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. ஒன்றை வைத்து மற்றதை அடித்துத் திருத்தவில்லை. 1955-இல் கும்ரானுக்குத் தெற்கே வாடி முரப்பாத் பள்ளத்தாக்கில் கிடைத்த சிறு தீர்க்கதரிசிகள் சுருளோ கி.பி. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அது மசோரா பாடத்தோடு அச்சாகப் பொருந்துகிறது. கும்ரானின் பன்மைக்கும் முரப்பாத்தின் ஒருமைக்கும் நடுவில் கி.பி. 70-இல் நேர்ந்த எருசலேமின் அழிவு இருக்கிறது. "ஓர் எழுத்துகூட மாறவில்லை" என்பது அதற்குப் பிந்தைய காலத்துக்கு ஏறக்குறைய உண்மை. முந்தைய காலத்துக்கு இல்லை. இந்தப் பன்மையை பாலஸ்தீனம், எகிப்து, பாபிலோன் என்று மூன்று ஊர்ப் பாடங்களாக அமெரிக்க அறிஞர் ஆல்பிரைட்டும் அவர் மாணவர் கிராஸும் வகுத்தது அழகான கோட்பாடு. பிற்காலத்தார் அதைப் பெரும்பாலும் கைவிட்டார்கள்.

மொழிபெயர்ப்பாளர்கள் இதை எப்படிக் கையாண்டார்கள் என்பது தனிக்கதை. 1952-இல் வந்த திருத்த ஆங்கில மொழிபெயர்ப்பு ஏசாயா சுருளிலிருந்து பதின்மூன்று பாடங்களை ஏற்றது. ஏசாயா 21:8-இல் "சிங்கம்" போய்க் "காண்கிறவன்" வந்தது அவற்றில் ஒன்று. எபிரெயத்தில் இரண்டும் எழுத்தில் நெருங்கிய சொற்கள்தான். அந்தக் குழுவில் இருந்த பரோஸ், சில வருஷம் கழித்து, அவற்றில் சிலவற்றுக்குத் தான் வாக்களித்தது தவறு, மசோரா பாடத்தையே விட்டிருக்க வேண்டும் என்று அச்சிலேயே ஒப்புக்கொண்டார். அவரால் அப்படி ஒப்புக்கொள்ள முடிந்ததற்குக் காரணம், ஏசாயா சுருளின் படங்கள் 1950-லிருந்து எல்லார் மேசையிலும் இருந்தன, யாரும் சரிபார்க்கலாம்.

சாமுவேலுக்கு அந்த வசதி இல்லை. 1970-இல் வந்த அமெரிக்கக் கத்தோலிக்கரின் புதிய மொழிபெயர்ப்பு, நான்காம் குகைச் சுருள்களை வைத்து சாமுவேலைப் பல இடங்களில் திருத்தியது. கிராஸும் அந்தப் பணியில் இருந்தார். அதில் கோலியாத் ஆறரை அடி ஆள். திருப்பலியில் வாசிக்கப்படும் பாடத்துக்கு ஒரு பிரஸ்பிட்டேரியன் அறிஞரின் வாசிப்பு ஆதாரமாவது முப்பது வருஷத்துக்கு முன் கற்பனைக்கும் எட்டாதது. ஆனால் அந்த வாசிப்புகளுக்கு ஆதாரமான துண்டுகளின் முழுப் பதிப்பு வெளிவந்தது 2005-இல். முப்பத்தைந்து வருஷம் மக்கள் அந்தப் பாடத்தைப் பீடத்திலிருந்து கேட்டார்கள். சரிபார்க்க விரும்பிய எபிரெய ஆசிரியர் ஒருவருக்கு, அங்கும் இங்கும் வந்த கட்டுரைகளையும் ஆய்வுகளையும் தவிர, நெடுங்காலம் கையில் எதுவும் இல்லை.